பத்தமடைப் பாய்: ஆற்றுக் கோரை தொழுகை விரிப்பான வரலாறு



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரையோரம் பட்ட பாட்டை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ஆறு கரை கடந்தது. நம் பள்ளியின் உட்பள்ளியிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, மூன்றாம் நாள் வடிந்தது. வெள்ளம் வடிந்தபின் நாம் கண்ட முதற்காட்சி, ஸஃப்பு ஸஃப்பாகக் கோடு போட்டு விரித்திருந்த செயற்கை இழைக் கம்பளம் சேறு குடித்து ஊறிக் கிடந்ததுதான். பத்து இளைஞர்கள் சேர்ந்தும் அதைத் தூக்க இயலவில்லை. துண்டு துண்டாக அறுத்தே வெளியேற்றினோம். வெயிலில் போட்டும் நாற்றம் நீங்காமையால் இறுதியில் எறிய நேர்ந்தது.

அதன்பின் தரையில் விரிக்க ஏதேனும் கிடைக்குமா என்று பரண்மேல் தேடியபோது, பழைய கிதாபுப் பெட்டிகளுக்குப் பின்னால் பாய்ச்சுருள்கள் நான்கு அகப்பட்டன. மூன்றைச் செல்லும் பூச்சியும் தின்று தீர்த்திருந்தன. நான்காவது, ஓரம் சிறிது அரிக்கப்பட்டிருந்ததே தவிர, நடுப்பகுதி முழுமையாக இருந்தது. தூசியைத் தட்டி ஈரத்துணியால் துடைத்ததும் வைக்கோற்பொன் நிறமும், இரு ஓரங்களிலும் மங்கிய செந்நிறப் பட்டையும் வெளிப்பட்டன. மூலையில் ‘வக்ஃபு’ என்ற சொல்லும் ‘1371’ என்ற ஹிஜ்ரி ஆண்டும் இழையோடு இழையாக நெய்யப்பட்டிருந்தன. கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் அது 1951-52. கொடுத்தவர் பெயர் இல்லை. நம் ஊரில் உயிரோடிருக்கும் முதியவர்களைக் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை. பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் போலும்.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர், “இதையும் குப்பையோடு போட்டுவிடவா ஹஜ்ரத்?” என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. அவருக்கு அது வெறும் பாய். அந்தக் கேள்விக்கு அன்று நின்ற நிலையில் நம்மால் நிறைவான பதில் கூற முடியவில்லை. இக்கட்டுரையை அதற்கான பதிலாகக் கொள்க.

அந்தப் பாய் பத்தமடையில் நெய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னே இருக்கிறது அவ்வூர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரமே ஓடும் சிறிய ஆறு. எனினும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவதால் தமிழகத்து ஆறுகளிலே வற்றாத ஆறு என்ற பெயரைப் பெற்றது. இந்த ஆற்றின் குறுக்கே பழங்கால அணைக்கட்டுகள் பல உண்டு. அவற்றுள் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பத்தமடை வயல்களுக்கு நீர் தருகிறது. பத்து மடைகள் இருந்தமையால் பத்தமடை ஆயிற்று என்று ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வோரும் உண்டு. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887ஆம் ஆண்டு பிறந்ததும் இவ்வூரில்தான். ஒரே ஊர், ஒரே கால்வாய்த் தண்ணீர். ஒரு தெருவில் வேதம் ஓதினார்கள், மறு தெருவில் பாய் நெய்தார்கள். அவ்வாறு நெய்தவர்கள் லெப்பைமார்கள், அதாவது நம்மவர்கள்.

இப்பள்ளத்தாக்கில் கைத்தொழிலுக்குப் பஞ்சமிருந்ததில்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகள், இந்த ஆற்று மண்ணை நம் முன்னோர் எவ்வளவு தொன்மையான காலத்திலேயே வசப்படுத்தினார்கள் என்பதைக் காட்டும். காருகுறிச்சியில் இன்றும் மண் பானையாகிறது. அம்பாசமுத்திரத்தில் மரம் கடைசலில் ஏறிக் குழந்தைகளின் சொப்புச் சாமானாகிறது. மேலப்பாளையத்தில் நம் சமுதாயத்தார் தறியில் நூலை ஓட்டி வாழ்ந்தார்கள். ஆனால் மண்ணுக்கும் மரத்துக்கும் நூலுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. கோரைக்கு என்ன விலை? ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் புல் அது. உழவனுக்கோ அது களை. வயலுக்குள் வந்தால் பிடுங்கி வரப்பில் எறிவான். எவரும் வேண்டாத அந்தப் பொருளிலிருந்து, மன்னர் மாளிகைக்கும் போகத்தக்க ஒன்றை உண்டாக்கியதுதான் பத்தமடைக்காரர்களின் சாதனை.

அந்த வேலையைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பாயில் படுத்தவர்கள் பலர். பாய் உண்டாகும் விதத்தை அறிந்தவர்கள் சிலர்.

கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். முற்றினால் ஒடியும். அறுத்த அன்றே தட்டையைக் கத்தியால் நெடுக்குவாட்டில் கிழித்து, உள்ளிருக்கும் வெண்மையான சோற்றுப்பகுதியை நீக்கி, வெயிலில் காயப்போடுவார்கள். பச்சை வெளுத்து மஞ்சளாகும். காயும் நாளில் ஒரு தூற்றல் விழுந்தாலும் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு அது அடுப்பெரிக்கத்தான் உதவும். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு போதும். கற்றாழை நாரையோ சணலையோ பாவாகக் கட்டி, காய்ந்த கோரையை ஊடாகக் கோத்து அடித்தால் படுக்கைப் பாய் கிடைக்கும். தமிழகத்தில் பல ஊர்களில் இது நடக்கிறது.

பத்தமடையின் தனித்திறம் இதற்கு அப்பால் தொடங்குகிறது. காய்ந்த கோரையைக் கட்டாகக் கட்டி, ஓடும் ஆற்று நீரில் சில நாள்கள் ஊறவிடுவார்கள். தேங்கிய தண்ணீர் ஆகாது, அழுகிவிடும். ஓடும் நீரில் ஊறிய கோரை உப்பிப் பருக்கும். அவ்வாறு பருத்ததை எடுத்து மீண்டும் காயவைத்து, மீண்டும் கிழிப்பார்கள். இம்முறை கிழிப்பது நூலிழை அளவுக்கு. கத்தி பிடித்த கையைவிடக் கோரை பிடித்த கைக்குத்தான் அங்கே வேலை என்பார்கள். எந்த இடத்தில் தட்டை மெலிகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் விரல் அறிய வேண்டும். இந்த இழையைப் பருத்தி நூற்பாவில், சில வேளை பட்டு நூற்பாவில், ஒவ்வொன்றாக ஊடு செலுத்தி அச்சால் நெருக்குவார்கள். தறி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் முளைகள், இரு மூங்கில்கள், அச்சைத் தாங்க முக்காலியாகக் கட்டிய கழிகள், அவ்வளவே. நெய்பவர் பாவின்மீதே பலகையிட்டு அமர்ந்து, நெய்த பகுதி வளர வளரத் தாமும் நகர்ந்துகொண்டே போவார். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது என்று எண் சொல்லிப் பாயின் நயத்தைக் குறிப்பது அவ்வூர் வழக்கம். எண் ஏற ஏற இழை மெலியும், நாள் கூடும். உயர்ந்த எண்ணில் ஒரு பாய் முடிய வாரங்கள் செல்லும், மாதமும் ஆகலாம். அப்படி முடிந்த பாயைச் சுருட்ட வேண்டியதில்லை, துணியைப் போல் மடிக்கலாம். ‘பட்டுப் பாய்’ என்ற பெயர் அதனால் வந்தது.

ஊறவைத்தால் கோரை மேலும் மெல்லியதாகக் கிழியும் என்பதை முதலில் கண்டவர் ஹஸன் பாவா லெப்பை என்று அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. நூறாண்டுகளுக்கும் முற்பட்ட செய்தி அது. நமக்கு அதில் வியப்பாகப் படுவது வேறொன்று. பெரும் கருவியோ புதுச் சரக்கோ அவர் கொண்டுவரவில்லை. அதே ஆறு, அதே புல். தண்ணீரில் கிடந்த ஒரு தட்டையை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். ஆயிரம் பேர் அதே ஆற்றில் குளித்துவிட்டு அதே தட்டையை மிதித்துப் போயிருப்பார்கள்.

ஆங்கிலேயர் காலத்து ஏடுகளும் இத்தொழிலைக் கவனியாமல் விடவில்லை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூல், லெப்பைமாரின் தொழில்களுள் கோரைப்பாய் முடைதலையும் சேர்த்திருக்கிறது. 1953இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் ஒன்று அன்பளிப்பாகச் சென்றது என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். மத்திய அரசின் தேசிய விருது பெற்ற நெசவாளர்கள் அங்குண்டு. 2012-13ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அரசியின் பாயைப் பற்றிப் பேசும்போது அவ்வூர்ப் பெரியவர்களின் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறோம். ஆயினும் அவ்வூர்ப் பாயின் பெரும் பயன் அரண்மனையில் அன்று, கலியாண வீட்டில்தான். மணமகன், மணமகள் பெயரையும் நிகாஹ் அல்லது திருமண நாளையும் ஓரத்தில் நெய்து கொடுப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் மட்டுமல்ல, இந்து வீடுகளிலும் பத்தமடைப் பாய் சீர்வரிசையில் ஒன்றாக இருந்தது. பெயரை எழுதுவது வேறு, நெய்வது வேறு. எழுதியதை அழிக்கலாம். நெய்த எழுத்தை எடுக்க வேண்டுமானால் பாயைப் பிரிக்க வேண்டும்.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பாய்களின் சிவப்பு, பதிமுகம் எனப்படும் சப்பங்கக் கட்டையைக் கொதிக்கவைத்து எடுத்தது. 1856இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் இலண்டனில் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டறிந்த பிறகு, செயற்கைச் சாயங்கள் உலகெங்கும் பரவி நம் நாட்டுச் சாயங்களை ஒடுக்கின. பத்தமடையும் தப்பவில்லை. இப்போது கடைகளில் காணும் பளிச்சென்ற பச்சையும் நீலமும் ஊதாவும் அந்த வகை. பரணில் கிடைத்த நம் பாயின் சிவப்பு மங்கியிருந்தாலும் கண்ணை உறுத்தவில்லை. அது சப்பங்கமா, பொட்டலச் சாயம் காலத்தால் வெளுத்ததா என்று தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையவர் அல்லோம்.

இனி, பாய்க்கும் பள்ளிக்கும் உள்ள உறவைச் சொல்வோம். மதீனாவின் பள்ளிவாசல் தொடக்கத்தில் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையுமாய் இருந்தது. தரை வெறும் மண். மழை பெய்தால் ஸஜ்தாவில் நெற்றியில் சேறு படியும். பின்னர் பொடிக்கற்கள் பரப்பப்பட்டன. நாயகம் (ஸல்) அவர்கள் ஓலையால் முடைந்த சிறு விரிப்பின்மீது தொழுததை அன்னை மைமூனா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் வீட்டு விருந்துக்குச் சென்றபோது நடந்ததும் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாயை அனஸ் அவர்கள் தண்ணீர் தெளித்துச் சரிசெய்து விரிக்க, அதன்மீது நாயகம் நின்று தொழுவித்தார்கள். அந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிய நாளில் சட்டத்துக்காக ஓதினோம்: பாய்மீது தொழலாமா, கூடாதா? கூடும். அவ்வளவோடு பக்கத்தைப் புரட்டிவிட்டோம். புழங்கிக் கறுத்த பாய் என்று அந்த நபித்தோழர் ஏன் அவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருந்தார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நாமே அப்போது மதரஸாவின் கோரைப்பாயில் உறங்கி, ஃபஜ்ருக்கு எழும்போது கன்னத்தில் கோரைத் தடம் பதிந்து நின்றவர்கள்தாம்.

கோரை, நாணல் இவற்றைக் கொண்டு தொழுகைப் பாய் நெய்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. பாரசீகக் கவிஞரும் பயணியுமான நாஸிர் குஸ்ரு ஹிஜ்ரி 438இல், அதாவது 1047இல், ஃபலஸ்தீனத்து தபரிய்யா நகரைக் கண்டு எழுதிய குறிப்பில், அங்கு நெய்யப்படும் தொழுகைப் பாய் ஒன்று அவ்வூரிலேயே ஐந்து தீனாருக்கு விற்றதாகச் சொல்கிறார். தீனார் பொற்காசு, ஐந்து பொற்காசுக்கு ஒரு நாணற்பாய்! அந்தத் தபரிய்யாப் பாய்களுள் ஒன்று ஆயிரம் ஆண்டு கடந்தும் பிழைத்து, கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரின் பெனாகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதன் ஓரத்தில் உரியவருக்கு நல்வளம் வேண்டும் வாசகமும், தபரிய்யாவில் செய்யப்பட்டது என்ற செய்தியும் கூஃபி எழுத்தில் நெய்யப்பட்டுள்ளன. ஏரிக்கரை நாணலில் அவர்கள் செய்ததை ஆற்றங்கரைக் கோரையில் நம்மவர் செய்தார்கள். ஒருவரை ஒருவர் அறியார்கள். நீரோரம் வாழ்ந்து, நாளில் ஐந்து முறை தரையில் நெற்றி வைப்பவர்கள், தம் காலடியில் முளைக்கும் புல்லைப் பார்க்காமல் இருக்க முடியாது போலும்.

இங்கே ஒரு கருத்து வேற்றுமையையும் மறைக்காமல் எழுத வேண்டும். பூவேலைப்பாடு நிறைந்த விரிப்பே சிறந்த கலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வெள்ளத்தில் போன நம் கம்பளத்தில் ஒவ்வொரு தொழுகையாளியின் இடத்திலும் மினாராவும் வளைவும் தொங்கு விளக்கும் வரையப்பட்டிருந்தன. அதைத் தெரிவு செய்த கூட்டத்தில் நாமும் இருந்தோம். ஆம் என்றும் சொன்னோம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கோலமிட்ட மேலாடையில் தொழுது முடித்ததும், அதன் கோலம் தம் கவனத்தை ஈர்த்துவிட்டது என்று கூறி, அதை அபூஜஹ்ம் அவர்களிடம் அனுப்பிவிட்டு, கோலமற்ற முரட்டுப் போர்வையைக் கேட்டு வாங்கிய செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதைக் கொண்டு அழகு கூடாது என்று முடிவு கட்டுவோருடன் நாம் உடன்படவில்லை. அழகு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அங்குள்ள கேள்வி. பத்தமடையின் பழைய பாயை விரித்துப் பாருங்கள். நிறமெல்லாம் இரு ஓரங்களில் ஒதுங்கி நிற்கும். கண் விழும் நடு இடம் கோரையின் தன்னிறத்தில் வெறுமையாக இருக்கும். ஆனால் அது முழு வெறுமையும் அன்று. ஒவ்வொரு இழையும் மற்றதற்கு இணையாகச் செல்வதும், ஒரு தட்டை வெளிறியும் அடுத்தது சற்றுப் பழுத்தும் இருப்பதும், நெற்றி அருகே வரும்போதுதான் தெரியும். ருகூவில் தெரியாத ஒன்று ஸஜ்தாவில் தெரிகிறது. நெய்தவர் இதை எண்ணித்தான் நெய்தாரா என்று கேட்டால், எண்ணாமல் இப்படி அமையாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதி முடித்த தம் முகத்திமாவில் தொழில்களைப் பற்றித் தனியே பேசுகிறார். கைத்தொழில் என்பது மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றும் ஒரு பழக்கம். கேட்டு அறிவதைவிடக் கண்டு அறிவதாலேயே அது முழுமையாகக் கைவரும். ஆசான் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவே மாணவரும் தேறுவார் என்பது அவர் கருத்து. அதே இடத்தில் கசப்பான மற்றொன்றையும் சொல்கிறார். மக்கள் வேண்டி வாங்கும்வரைதான் தொழில் வளரும். தேவை குன்றினால் தொழிலும் அவ்வூரை விட்டு விலகும். பத்தமடைக்கு இன்று நேர்ந்திருப்பது இந்த இரண்டாவது.

காரணங்களைப் பிறர்மீது சுமத்துவது எளிது. ஆற்றில் மணல் அள்ளியதால் கரைகள் சிதைந்தன. முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டு தடை விதித்ததை யாவரும் அறிவோம். சாக்கடையும் ஆலைக் கழிவும் நீரைக் கெடுத்தன. ஊறவைக்க வேண்டிய ஓடும் நீர் எத்தகையது என்பதை நம் படித்துறையில் நின்று பார்த்தாலே விளங்கும். ஆற்றுக் கோரை அருகியபின், கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் பயிராகும் கோரையை வாங்கி வரும் நிலை உண்டாயிற்று. பிளாஸ்டிக் பாய் வந்தது. மலிவு, துவைக்கலாம், பூச்சி தின்னாது. சாதாரணக் கோரைப்பாயை விசைத்தறியே நெய்துவிடுகிறது. இவையெல்லாம் உண்மை. எனினும் வாங்காதவர்கள் யார்? நிகாஹ் வீடுகளில் மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் இலட்சங்களைக் கொட்டுகிறோம். பாயை மட்டும் “அது பழைய காலத்து வழக்கம்” என்று நிறுத்திவிட்டோம். நம் பள்ளியிலும், பாய் அரிக்கிறது, கால் வழுக்குகிறது என்று குறை சொல்லிப் பரணில் ஏற்றியவர்கள் வெளியூரார் அல்லர்.

பாய் நெய்பவர் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலை முடித்து, குனிந்த முதுகோடு பாவின்மேல் அமர்கிறார்கள். ஒரு மாத உழைப்பை நாள்கூலியாக வகுத்துப் பார்த்தால், வயல் வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே தேறும் என்று அவர்களே சொல்கிறார்கள். மகள்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லையா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். படித்து வேலைக்குப் போகட்டும் என்கிறார்கள். இதற்கு மறுமொழி சொல்ல நமக்கு வாயில்லை. நாமும் நம் பிள்ளைகளுக்கு அதையே விரும்புகிறோம்.

கமிட்டியாரின் அனுமதியோடு, பரணில் கிடைத்த பாயை எடுத்துக்கொண்டு பத்தமடைக்குச் சென்றிருந்தோம். அறுபதைக் கடந்த ஒரு மாதரசியின் வீட்டுத் திண்ணையில் அதை விரித்தோம். அவர் பாயைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தடவினார். பிறகு ஓரிடத்தில் விரலை நிறுத்தி, “இங்க ஆளு மாறியிருக்கு ஹஜ்ரத். இதுவரைக்கும் ஒரு கை, இதுக்கு மேல வேற கை” என்றார். நாம் குனிந்து பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன், அந்தப் பாயின் பாதியில் ஒருவர் எழுந்திருக்கிறார், மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். நோயா, பேறுகாலமா, மவுத்தா, யாரறிவார்? கொடுத்தவர் தம் பெயரை விட்டார். நெய்தவர்களோ தம் கையை அதில் வைத்துப் போயிருக்கிறார்கள்.

மிஹ்ராபில் இமாம் நிற்கும் இடத்துக்கு ஒரு பாய் மட்டும் முதலில் செய்வது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. முழுப் பள்ளிக்கும் என்றால் இயலாது; அவ்வளவு நெய்ய ஆளும் இல்லை, பைத்துல்மாலில் அவ்வளவு பணமும் இல்லை. எஞ்சிய இடத்துக்கு என்ன விரிப்பது என்பது இவ்வாண்டுப் பொதுக்குழுவில் பேசப்படும். அந்த ஒரு பாயைப் பற்றித்தான் அவரிடம் கேட்டோம்.

“ஓரத்துல என்ன பேரு போடணும்?” என்றார்.

“பெயர் வேண்டாம் ராத்தா. பூவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கரை போதும். நடுவில் வெறும் கோரை.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. விலை குறைத்துக் கேட்கிறோம் என்று எண்ணினாரோ என்று நாம் தயங்கி, அதற்காகச் சொல்லவில்லை என்றோம்.

“வெலைக்கில்ல ஹஜ்ரத். பூ போட்டா பிசகு பூவுக்குள்ள ஒளிஞ்சுக்கிடும். வெறும் பாயில ஒளிய எடம் கெடையாது. நாள் கூடக் கேக்கும், அதான் யோசிக்கேன்.”

எவ்வளவு நாள் என்று கேட்டோம். மழைக்காலம் கழியட்டும், கோரை காயட்டும், தை பிறந்து வாருங்கள் என்றார். முன்பணம் கொடுத்து, பழைய பாயை மடித்து வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். வாசல் வரை வந்த பிறகு அவர் மீண்டும் அழைத்து, இமாம் நிற்கும் இடத்தின் அகலத்தை முழக்கணக்கில் சொல்லிப் போகச் சொன்னார்.